நான்காம் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

மும்பை மாட்டுங்காவில் மாதா மாதம் கூடும் நம் கதை வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் எழுதிக் கொண்டுவந்த கதையை மற்றவர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, காபி குடித்துக் கலைகிற பதினோரு பேரில் நானும் ஒருத்தி. எட்டு வருடமாக வருகிறேன். டோம்பிவிலியில் நான் ஏறும் ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவில் நிற்காமல் தாதருக்குப் போய்விடும். அங்கே இறங்கி, ஸ்லோ பிடித்து, ஒரு ஸ்டேஷன் பின்னால் வர வேண்டும். பராமரிப்பு வேலைக்காக ரயிலைத் தடம் மாற்றி விடுகிற மெகா பிளாக் ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். இவ்வளவு சிரமப்பட்டு வருகிறவள் வட்டத்தின் மேல் உள்ள வெறுப்பில் எழுத மாட்டாள் என்று நம்புவீர்கள்தானே, அதற்காகச் சொன்னேன்.

நேரில் பேசியிருக்கலாம். பேசினால் மூன்று பேர் குறுக்கே வருவார்கள், எனக்குக் கோபம் வரும், அண்ணாச்சி ஒரு ஜோக் அடிப்பார், எல்லோரும் சிரிப்போம், விஷயம் டம்ளரோடு கழுவப்பட்டுவிடும். அதனால்தான் மடல். ஊர் பார்க்க எழுதுவதற்குக் காரணம், நம்மைப் போல ஒருவர் கதையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்கிற கூட்டங்கள் செம்பூரிலும் முலுண்டிலும், ஏன், தமிழர் இருக்கிற எல்லா ஊரிலும் இருக்கும். அவர்களும் படிக்கட்டும். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

பிப்ரவரியில் வந்த பெண்ணை நினைவிருக்கிறதா? தாராவி கிராஸ் ரோட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஆறு பக்கக் கதையைத் தன் காசில் பதினோரு நகல் ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் பின் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். விடியற்காலை நாலு மணிக்குக் குழாயடியில் வரிசை போடும் ஒரு பாட்டியின் கதை. சம்பவம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தண்ணீர் வருகிறது, பாட்டி பிடிக்கிறாள், நம்பர் தகராறு ஒன்று நடக்கிறது, தண்ணீர் நின்றுவிடுகிறது. பேத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்று நாம் சொன்னவற்றை என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் மொழி சரியில்லை என்றார். "கோலிக்குள்ளே ஆறு பேர் படுத்திருந்தோம்னு எழுதியிருக்கே, கோலிக்குள்ளே எப்படிம்மா ஆறு பேர் படுப்பாங்க?" என்று கேட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்த ஊரில் நாற்பது வருடம் இருந்தவருக்கு, ஒற்றை அறை வீட்டைத்தான் கோலி என்கிறார்கள் என்பது தெரியாதா என்ன? இன்னொருவர், பாட்டியைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனால் மண்வாசனை வரும் என்றார். ஒருவர் கடைசியில் பாட்டி செத்துப்போனால்தான் அழுத்தம் கிடைக்கும் என்றார். தண்ணீர் அரசியலைப் பற்றி ஒரு பத்தி வேண்டும் என்று ஒரு குரல். பேத்திக்கு ஒரு காதல் இருந்தால் இளைஞர்கள் படிப்பார்கள் என்று இன்னொரு குரல். இப்படியே எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று யோசனைகள். அத்தனையையும் அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். ஒன்றுக்குக்கூடப் பதில் பேசவில்லை. "பரவாயில்லை, நல்லா எடுத்துக்கறா" என்று நம்மில் ஒருவர் என் காதில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மார்ச்சில் இரண்டாவது பிரதியோடு வந்தாள். இருபத்து மூன்றும் அதில் இருந்தன. பாட்டி கிராமத்துக்குப் போயிருந்தாள். அங்கே குழாய்க்குப் பதில் கிணறு. பேத்திக்குக் காதலன். ஐந்தாம் பக்கத்தில் தண்ணீர் வாரியத்தைப் பற்றி ஒரு பத்தி, செய்தித்தாள் தமிழில். கடைசி வரியில் பாட்டி செத்துப்போயிருந்தாள். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, பாட்டியைச் சாகடிக்கச் சொன்ன அதே நண்பர்தான் சொன்னார்: "முதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சும்மா."

அவள் சிரித்தாள். "சரி சார்" என்றாள். ஏப்ரலில் வரவில்லை. மே விடுமுறை என்று நினைத்தோம். ஜூனிலிருந்து மழை என்று சொல்லிக்கொள்கிறோம். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு மழையில் வர முடியாதாம். டோம்பிவிலியிலிருந்து வர முடிகிறதாம்.

அன்றைக்கு என்ன தப்பு நடந்தது என்று ஐந்து மாதமாக யோசிக்கிறேன். கடுமையாகப் பேசிவிட்டோம் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. நாம் பேசியதில் கடுமை எதுவும் கிடையாது, கோலி ஜோக்கைத் தவிர. நம் மரபில் விமரிசனத்தின் கடுமையைப் பற்றி எவ்வளவோ கதைகள் உண்டு. பிழையாகப் பாடினால் பிள்ளைப் பாண்டியன் தலையில் குட்டுவானாம், வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவாராம். இப்போது அவர்கள் இல்லாததால் கண்டவனும் புலவனென்று திரிகிறான் என்று அலுத்துக்கொள்கிற தனிப்பாடலை நம் வட்டத்து வாத்தியார் ஒவ்வொரு கூட்டத்திலும் தவறாமல் சொல்வார். எனக்குச் சீத்தலைச் சாத்தனாரைப் பற்றிய கதைதான் பிடிக்கும். பிழையான பாட்டைக் கேட்டால் எழுதியவனை விட்டுவிட்டு எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம். அந்தப் புண் சீழ் பிடித்ததால்தான் அப்படிப் பெயர் வந்தது என்று கதை. பெயருக்கு வேறு விளக்கமும் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு வாசகன் தனக்கு எங்கே வலித்தது என்பதை அவரை விடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நாம் அன்று அதைத்தான் செய்யவில்லை. எங்கே வலித்தது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மருந்துச் சீட்டு எழுதினோம்.

இங்கே எங்கள் வீட்டு ஈரச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஜூலை மாதம் இருந்த யாருக்கும் இது புரியும். எங்கள் படுக்கையறைச் சுவரில் மூன்று வருடம் ஒரே இடத்தில் ஈரம் பூத்தது. முதல் வருடம் சுவரைச் சுரண்டி வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தோம். அடுத்த வருடம் அதே இடம். மறுபடி சுரண்டினோம், மறுபடி பூச்சு. சொசைட்டி மீட்டிங்கில் செக்ரட்டரி வெளிச்சுவர் விரிசல் என்றார், எதிர் ஃப்ளாட்காரர் மொட்டை மாடி என்றார். மூன்றாம் வருடம் வந்த பிளம்பர் சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக மாடி வீட்டுக் குளியலறைக்குப் போய் தரைத் தண்ணீர் வடிகிற நஹானி டிராப்பைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அது எங்கள் படுக்கையறைக்கு மேலே கூட இல்லை, வீட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. தண்ணீர் ஸ்லாப்புக்குள்ளேயே நடந்து நடந்து வந்து எங்கள் சுவரில் எட்டிப் பார்த்திருக்கிறது. கசிகிற இடம் ஒன்று, தெரிகிற இடம் இன்னொன்று என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, பீடி பற்ற வைக்கக் கீழே போய்விட்டார்.

வாசகன் அந்தச் சுவர். ஈரம் நிஜம்; அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டை எங்கே என்று சுவருக்குத் தெரியாது. எழுதினவர்தான் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் படித்தேனே, செத்துப்போன அப்பாவின் பேங்க் கணக்கை மூடப் போகிற இரண்டு அக்கா தங்கைகள். எல்லோரும் முடிவு ஒட்டவில்லை என்றீர்கள். தங்கை கவுன்ட்டரில் அழுவது நாடகமாக இருக்கிறது என்றீர்கள். ஐந்து புது முடிவுகள் சொன்னீர்கள். நான் நான்கு தடவை முடிவை மாற்றி எழுதினேன், ஒவ்வொன்றும் முந்தியதை விட மட்டம். பிறகு ஒரு மாதம் பீரோவில் போட்டுவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் உரக்கப் படித்தேன். படிக்கும்போது முடிவில் எதுவும் தட்டவில்லை. இரண்டாம் பக்கத்தில் தட்டியது. அங்கே தங்கை வெறும் ஃபோன் குரல். நாமினி யார் என்று மட்டும் கேட்கிறாள். அப்படிப்பட்டவள் கடைசியில் அழுதால் யார் நம்புவார்கள்? ஏழே வரி சேர்த்தேன்: ஆஸ்பத்திரியில் தங்கை அப்பாவுக்கு நகம் வெட்டி விடுகிறாள், வெட்டின நகத்தைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்கிறாள். முடிவைப் பழையபடி வைத்துவிட்டேன், ஒரு எழுத்து மாற்றாமல். அடுத்த மாதம் நீங்கள் எல்லோரும் "இப்ப முடிவை மாத்தினது சரியா வந்திருக்கு" என்று பாராட்டினீர்கள். நான் "தேங்க்ஸ்" சொல்லி வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஈரத்தைக் காட்டியது எனக்கு உதவியது. ஐந்து மருந்துச் சீட்டும் உதவவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, எட்டு வருடம் உங்களோடு பழகியவள், அதனால் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. இரண்டாம் தடவை வருகிற இருபத்திரண்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? டாக்டர் பதினோரு பேர், சீட்டு இருபத்து மூன்று. எல்லா மாத்திரையையும் விழுங்கினாள்.

அவள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கருத்துக் கேட்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். நன்னூலில் மாணவர்களைத் தரம் பிரிக்கிற சூத்திரம் ஒன்றுண்டு. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடைசித் தரம். கிளி சொன்னதைத் திருப்பிச் சொல்லும். மார்ச் மாதம் அவள் கிளி. ஆனால் அந்த வரிசையில் என் இடம் இன்னும் கீழே. நெய்யரி என்பது நெய் வடிகட்டுகிற பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திட்டும்போது "பன்னாடை" என்கிறோமே, அதேதான். நான் வட்டத்தில் படித்த முதல் கதைக்குப் பத்துப் பேர் கருத்துச் சொன்னார்கள். ஒன்பது பேர் என்ன சொன்னார்கள் என்று சத்தியமாக நினைவில்லை. ஒருவர் "இது கதையா, பேங்க் ஸ்டேட்மென்ட்டா?" என்றார். எட்டு வருடம் ஆகிறது, அவர் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் வரை நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஆறு மாதம் கதையில் எங்குமே எண் எழுதவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒருத்தி எண் இல்லாமல் எழுதினால் எப்படி இருக்கும்? தண்ணீர் விட்ட மோர் மாதிரி இருந்தது.

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான். சொன்னது சொன்னபடி, சொன்னவர் வார்த்தையிலேயே, நோட்டில் எழுதிக்கொள்வது. நல்லதையும்கூட. இரண்டு வாரம் நோட்டைத் திறப்பதில்லை. திறக்கும்போது கோபம் வடிந்திருக்கும், கொஞ்சம் கர்வமும். அப்புறம் இடங்களை மட்டும் பார்ப்பேன். மூன்று பேர் மூன்று விதமாக ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால், சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டாலும், அந்த இடத்தில் அல்லது அதற்கு முன்னால் எங்கோ கசிகிறது. ஒரே ஒருவர் மட்டும் தடுக்கி விழுந்திருந்தால் அவர் செருப்பையும் ஒரு தடவை பார்க்கலாம்.

தகவல் பிழை என்றால் இந்தக் கதையெல்லாம் கிடையாது. அங்கேயே திருத்திக்கொள்ள வேண்டியதுதான். போன வருடம் ஒரு நண்பர் தன் நாயகனைச் சயானில் ஃபாஸ்ட் லோக்கலிலிருந்து இறக்கினார். ரயில்வேயில் ரிட்டயர் ஆன அண்ணாச்சி, ஃபாஸ்ட் சயானில் நிற்காது என்றார். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி, மெகா பிளாக், ஸ்லோ லைன்ல விட்டிருக்காங்க" என்று நண்பர் சமாளித்தார். அப்படி நிற்பது உண்டுதான். ஆனால் கதையில் நாயகன் ஆபீஸ் போகிறான்! இந்த மாதிரி நேரத்தில் அண்ணாச்சியைப் போல ஒருவர் கூட்டத்தில் இருப்பது புண்ணியம். அதற்காக, தகவலைச் சொல்கிற அதே உறுதியோடு ரசனையையும் சொல்லிவிடக் கூடாது. நாம் அந்த இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறோம். கேட்கிறவருக்கு எது ரயில், எது ருசி என்று தெரிவதில்லை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறின கதை உங்களுக்குத் தெரியும். கச்சியப்ப சிவாச்சாரியார் முதல் பாட்டை "திகட சக்கர" என்று தொடங்கினார். திகழ் தசக்கரம், அதாவது விளங்குகிற பத்துக் கைகள். அவையிலிருந்த ஒருவர் எழுந்து, ழகரம் தகரத்தோடு சேர்ந்து இப்படித் திரிவதற்கு இலக்கணம் எங்கே என்று கேட்டார். முதல் சொல்லிலேயே ஆட்சேபம்! அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டி, இதோ விதி என்றார். வந்தது முருகனே என்பது ஐதிகம். ஆட்சேபித்தவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த புத்தகத்தில் தேடினார், கிடைக்கவில்லை. விதி வேறு புத்தகத்தில் இருந்தது.

அவள் கதையில் இருந்த கோலியும், தண்ணீர் பிடிக்கிற ஹண்டாவும் நமக்குத் தெரிந்த புத்தகத்தில் இல்லை. அந்தச் சொற்களுக்கான இலக்கணம் மாட்டுங்காவிலிருந்து அரை மணி நேர நடையில், குழாயடியில் இருக்கிறது. தோல் பதனிடும் வேலைக்கென்று நெல்லைச் சீமையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுகிற தமிழ் அது. அவள் அந்தத் தமிழை விட்டுவிட்டு, தான் ஒருநாளும் பார்க்காத கிணற்றடிக்கு நமக்காகப் போனாள். அவளுக்காக வீரசோழியத்தைத் தூக்கிக்கொண்டு வர யாரும் இல்லை. நான் வந்திருக்கலாம். வரவில்லை.

அவள் பதில் பேசாமல் இருந்ததை நாம் மெச்சினோம் அல்லவா? எழுதினவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியை வட்டத்தில் கொண்டுவந்தவர் வாத்தியார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையும் அதைப் பின்பற்றிய வகுப்புகளும் பரப்பிய வழக்கம் அது என்று அவர்தான் சொன்னார். நல்ல விதிதான். எழுதினவர் பேசத் தொடங்கினால் "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று கதைக்குக் கோனார் உரை சொல்வார், நேரம் போய்விடும். என்னைப் போன்ற வாயாடிக்கு அந்த விதி அவசியம். ஆனால் கூட்டத்தில் மற்ற எல்லோரும் ஒரு மாதிரி வாழ்கிறவர்களாகவும், எழுதினவர் மட்டும் வேறு மாதிரி வாழ்கிறவராகவும் இருந்தால், அந்த மௌனம் யாருக்கு நல்லது? அமெரிக்காவிலேயே இப்போது பலர் இதைக் கேட்கிறார்கள். "கோலின்னா ரூம் சார்" என்று சொல்ல அவளுக்கு மூன்று விநாடி போதும். நம் விதி அதையும் தடுத்தது.

லிஸ் லெர்மன் என்று ஒரு நடன அமைப்பாளர், 1990இல் வேறு ஒரு முறையை உருவாக்கினார். முதலில் பார்த்தவர்கள் எது தங்களைத் தொட்டது, எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள், கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்காமல். கருத்து கடைசியில்தான், அதுவும் "இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, கேட்க விருப்பமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு. இந்தக் கடைசிப் படி நம்மிடம் தேறாது. தமிழன் அபிப்பிராயம் சொல்ல அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எழுதினவர் முதலில் கேட்பது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிப்ரவரியில் நாம் அவளிடம் "உனக்கு எது தெரியணும்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? தெரியாது. நாம் கேட்கவில்லை.

அப்புறம், நம் சொற்களைப் பற்றி. "நல்லா இருந்தது", "ஏதோ மிஸ்ஸிங்", "இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணலாம்". இந்த மூன்றையும் வைத்து எட்டு வருடம் ஓட்டிவிட்டோம். மேலே சொன்ன நன்னூலிலேயே, ஏறக்குறைய 800 வருடம் முன்னால், நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கதைக்கென்று வைத்தவை இல்லை. இருந்தாலும் போட்டுப் பாருங்கள், எப்படிப் பொருந்துகின்றன! வேண்டிய அளவு சொல்லாமல் விட்டால் குன்றக் கூறல். என் கதையின் இரண்டாம் பக்கத்துத் தங்கை அதுதான். அன்று ஒருவராவது அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நான்கு முடிவு எழுதியிருக்க மாட்டேன். எடுத்த விஷயத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை விரித்துக்கொண்டு போனால் மற்றொன்று விரித்தல். பொருள் இல்லாமல் சொல்லை மட்டும் கோத்துக்கொண்டு போனால் வெற்றெனத் தொடுத்தல். எனக்கு மிகவும் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல்: ஜோராகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவது. நம்மில் பாதிப் பேர் எழுதுகிற கதைக்கு இந்த ஒரு சொல் போதும், என் பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "ஏதோ மிஸ்ஸிங்" என்றால் எழுதினவர் வீட்டுக்குப் போய் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். "மூணாம் பக்கத்துல இருந்து தேயுது" என்றால் மூன்றாம் பக்கத்தை எடுப்பார்.

அந்தப் பத்துப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருகிறேன். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கையில் இருக்கட்டும்.

இனிமேல் ஒரு ஆறு மாதத்துக்காவது இப்படிச் செய்து பார்ப்போமா? கதையைப் படித்தவர், படிக்கும்போது தனக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லட்டும். இங்கே சிரித்தேன், இங்கே யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் திரும்பப் படித்தேன், இங்கே ஃபோனை எடுத்துப் பார்த்தேன். "நான் எழுதியிருந்தா" என்று தொடங்குகிற வாக்கியத்துக்கு ஐம்பது ரூபாய் அபராதம், காபி நிதிக்கு. முதல் மூன்று மாதத்தில் அண்ணாச்சி ஒருவரே காபிச் செலவைக் கட்டிவிடுவார் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி, கோவித்துக்கொள்ளாதீர்கள். பாட்டியைச் சாகடித்தது நீங்கள் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

போன வாரம் பழைய தாள்களை எடைக்குப் போட எடுத்தபோது அவளுடைய முதல் பிரதி கிடைத்தது. மறுபடி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பாட்டி ஹண்டாவை எண்ணுகிற இடம் வருகிறது. காசை எண்ணினால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிற பாட்டி, தண்ணீரை மட்டும் ஏக், தோன், தீன் என்று மராட்டியில் எண்ணுகிறாள். வரிசையில் சண்டை வந்தால் எதிராளிக்குக் கணக்குப் புரிய வேண்டுமே, அதனால் நாற்பது வருடத்தில் அப்படிப் பழகிவிட்டது. இரண்டே வரி. அந்த இரண்டு வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து.

அவளுக்கு ஃபோன் செய்தேன். நன்றாகத்தான் பேசினாள், "சொல்லுங்கக்கா" என்று. முதல் பிரதியைத் திருத்தாமல் அப்படியே மறுபடி கொண்டு வா, நாங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது எங்கிட்ட இல்லைக்கா" என்றாள். கதையை ஃபோனில்தான் தட்டியிருக்கிறாள். இரண்டாவது பிரதியை அதன் மேலேயே திருத்தி எழுதிவிட்டாள். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியதும் பழைய ஃபோனோடு போய்விட்டதாம். அன்று நம் பதினோரு பேருக்கும் கொடுத்தது போக அவள் தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் இருப்பதில் ஐந்து பக்கம்தான் இருக்கிறது. நான்காம் பக்கம் இல்லை. அதன் பின்பக்கத்தில் பால்கணக்கோ ஏதோ எழுதி எங்கேயோ கிழித்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. நம்பர் தகராறு அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. பக்கத்து வரிசைக்காரி ஏதோ சொல்கிறாள், பாட்டி சண்டைக்குப் போகாமல் சிரித்துவிடுகிறாள். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் சரியாக நினைவில்லை என்கிறாள்.

தயவுசெய்து உங்கள் வீட்டுப் பைகள், அலமாரி, வட்டத்துக்குக் கொண்டுவருகிற அந்த பிளாஸ்டிக் ஃபைல் எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள். மூலையில் பின் அடித்த ஆறு பக்கம், தலைப்பு இல்லை, முதல் வரி "தண்ணி வர்றதுக்கு முந்தி குழாய் இருமும்" என்று தொடங்கும். முழுதாக இல்லாவிட்டாலும் நான்காம் பக்கம் மட்டும் கிடைத்தால் போதும். நீங்கள் மேலே என்ன கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை. கிடைத்தவுடன் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரண்டாம் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டோம்பிவிலிக்காரி